ஐபாடில் பார்க்கலாம், எழுத முடியாது

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நான் துணைப்பாட ஆசிரியை. வயது 57. தொடக்கநிலை, உயர்நிலை மாணவர்கள் 11 பேருக்கு வீடு வீடாகப் போய்க் கணிதம் சொல்லித்தருகிறேன். 2005ல் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய பாம் டங்ஸ்டன் இ2 என்ற கையடக்கக் கணினிதான் இன்றுவரை என் நாட்குறிப்பு. ஒருமுறை பேட்டரி மாற்றியாகிவிட்டது. இப்போது மறுபடியும் அரை நாள்கூடத் தாங்குவதில்லை. திரையின் ஒரு மூலையில் குச்சியால் தொட்டால் எதுவும் நடப்பதில்லை. கைப்பேசி இருக்கிறது, ஆனால் அதை எடுத்தாலே வாட்ஸ்அப் இழுத்துக்கொள்கிறது. பாடம் நடக்கும்போது அதைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அக்கா மகன் தன் பழைய ஐபாட் கிளாசிக் பாட்டுக் கருவியைக் கொடுத்து, 'சித்தி, இதிலேயே நாட்காட்டி, முகவரி, குறிப்பு எல்லாம் இருக்கு, பாட்டும் கேட்கலாம்' என்கிறான். அது சரிவராவிட்டால் ஆண்ட்ராய்டில் ஓடும் புது மியூசிக் பிளேயர் ஒன்றை வாங்கச் சொல்கிறான். மாணவர்களின் நேரம், கட்டணக் கணக்கு, அப்பாவின் மருந்து விவரம், பலதுறை மருந்தகத் தேதிகள் எல்லாம் பாமில்தான் இருக்கின்றன. எதை நம்பி மாறுவது?"

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐபாட் உங்கள் பாமின் பாதி வேலையைச் செய்யும். மறுபாதியை எந்தக் காலத்திலும் செய்யாது. உங்களுக்கு அந்த மறுபாதிதான் முக்கியம் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. ஆனால் அதை நான் ஊகிப்பதைவிட நீங்களே மூன்று நாளில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஓர் அவசர வேலை.

பாமில் இருப்பதை இந்த வாரத்துக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் இ2வுக்கு முன்பு வந்த டங்ஸ்டன் இ போன்ற கருவிகளில் பேட்டரி முழுவதும் இறங்கினால் எழுதியதெல்லாம் போய்விடும். இ2வில் தகவல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அப்படி அழியாது. சரி, அப்படியானால் அவசரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்று ஒரு மூலை வேலை செய்யவில்லை. நாளை மற்ற மூலைகளும் போனால், உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தும் நீங்கள் அதைத் தொட முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணினி உதவிப் பணியில் இருந்தேன். அங்கே ஓர் அதிகாரி தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தன் பாமை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் கருவி வெறுமையாக இருந்தது. கணினியில் கடைசியாக நகல் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "வாரம் ஒருமுறை கேபிளில் செருகினால் போதும்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவர் செருகுகிறாரா என்று ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர்களின் எண்களைப் பழைய பெயர் அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக அவர் மறுபடி ஏற்றியதை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

உங்களிடம் இப்போது இருக்கும் கணினி 64 பிட் விண்டோஸில் ஓடினால், பாமை யூஎஸ்பி கேபிளில் செருகி ஹாட்சிங்க் செய்வது, அதாவது கணினிக்கு நகல் எடுப்பது, பெரும்பாலும் நடக்காது. அதற்கான இணைப்பு மென்பொருளைப் பாம் நிறுவனம் வெளியிடவே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. இ2வில் புளூடூத் உண்டு, அதன் வழியாக முயலலாம். அதைவிடச் சுலபம், உறவினர் யாரிடமாவது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினி இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குவது. பாம் டெஸ்க்டாப் மென்பொருளில் முகவரிகளை 'விகார்டு' வடிவிலும், மெமோக்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வெளியே எடுக்கலாம். நாட்காட்டியை மட்டும் மொத்தமாகப் பெயர்க்க மெனக்கெட வேண்டாம். போன வருட வகுப்பு நேரங்கள் இனி யாருக்கும் தேவையில்லை. வரும் இரண்டு மாதத்தைக் கையால் ஏற்றினால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இன்னொன்று: பாமின் நாட்காட்டி 2031 டிசம்பர் 31உடன் நின்றுவிடும். ஆண்டைக் குறிக்க அதற்குள் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். எப்படியும் ஒருநாள் மாறியாக வேண்டிய கருவி அது.

இனி ஐபாடுக்கு வருவோம்.

பாட்டுக் கேட்கும் கருவியைப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்காகவே செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வேண்டியதைக் கட்டைவிரல் ஒன்றாலேயே எப்படி விரைவாகப் பிடிப்பது என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் தலையைக் குடைந்த கேள்வி. நம்மூர் கிரியேட்டிவ் நிறுவனம் ஐபாடுக்கு முந்திய ஆண்டே, 2000ல், நோமாட் ஜூக்பாக்ஸைக் கொண்டுவந்தது. பாட்டுகளைப் படிப்படியாகத் திறந்து தேர்ந்தெடுக்கும் பட்டியல் முறைக்கு 2001ல் விண்ணப்பித்து 2005ல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. அதை வைத்து எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள 2006ல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. 2023ல் காலமான சிம் வோங் ஹூவின் நிறுவனம் அப்படி நிமிர்ந்து நின்றதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தச் சண்டை முழுவதும் பட்டியலிலிருந்து எடுப்பதைப் பற்றியது. பட்டியலில் புதிதாக எழுதுவது கணினியின் வேலை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கிரியேட்டிவின் ஜென் மைக்ரோவிலும் அவுட்லுக்கிலிருந்து நாட்காட்டியையும் முகவரிகளையும் செய்யவேண்டிய வேலைகளையும் ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஏற்றிப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

ஐபாடும் அப்படித்தான். 2002ல் முகவரிகள், அதே ஆண்டு நாட்காட்டி, 2003ல் குறிப்புகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். எதிலும் ஓர் எழுத்தைக்கூடக் கருவியிலேயே சேர்க்க முடியாது. அக்கா மகன் பொய் சொல்லவில்லை, மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் மாணவனின் அம்மா வாசலில் நின்று, "டீச்சர், வியாழனுக்குப் பதிலா சனிக்கிழமை நாலு மணிக்கு வரமுடியுமா?" என்று கேட்டால், சனிக்கிழமை காலியா என்று ஐபாடில் பார்க்கலாம். 'சரி' என்று அம்மாவிடம் சொல்லலாம். அதை ஐபாடிடம் சொல்ல முடியாது.

பாம் பிறந்த கதை இதற்கு நேர் எதிர். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், 1996ல் முதல் பைலட் கருவி வருவதற்கு முன்னால், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து வைத்துக்கொண்டார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அந்தக் கட்டையை எடுத்து, சீவிய சாப்ஸ்டிக்கால் அதன்மேல் எழுதுவதுபோல் செய்து பார்ப்பார். ஒரு நாளில் எத்தனை முறை அதை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், எத்தனை விநாடி ஆகிறது என்று அந்தக் கட்டையை வைத்தே புரிந்துகொண்டார். பொத்தானை அழுத்தியதும் நாட்குறிப்பு திறந்து, நின்றபடியே எழுதி மூடிவிடலாம் என்ற உங்கள் இத்தனை ஆண்டு வசதி அந்த மரத்துண்டிலிருந்து வந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். மூன்று நாள், அதில் ஒன்று சனிக்கிழமையாக இருக்கட்டும். பாமையே பயன்படுத்துங்கள், கூடவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 'பார்த்தேன்', எதிர்ப்பக்கத்தில் 'எழுதினேன்'. பாமை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய பக்கத்தில் ஒரு கோடு. எழுதிய கோட்டுக்குப் பக்கத்தில் எங்கே எழுதினீர்கள் என்று ஒரு சொல் மட்டும்: வாசல், மின்தூக்கி, மருந்தகம், வீடு. எண்ணிக்கையைவிட அந்த இடம்தான் எனக்கு முக்கியம். வீட்டில் இரவு உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் பக்கத்திலேயே கணினி இருக்கிறது, ஐபாட் போதும். வாசலிலும் மின்தூக்கியிலும் எழுதுகிறவருக்குப் போதாது.

"வெளியே தாளில் எழுதிக்கொண்டு, இரவு கணினியில் ஏற்றி, ஐபாடை இணைத்தால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்யலாம்தான். ஆனால் அலுவலகங்களில் இப்படி ஆரம்பித்த பலரைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் தினமும் நடக்கும், இரண்டாம் வாரம் ஒருநாள் விடும், அப்புறம் தாளில் ஒன்று, கணினியில் ஒன்று, கருவியில் வேறொன்று என்று ஆகிவிடும். ஒரே நேரத்துக்கு இரண்டு வீட்டில் வருவதாகச் சொல்லிவிடுவது அப்படித்தான் நேர்கிறது. எந்தக் கருவிக்கு மாறினாலும் சரி, எழுதும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றவை அதைப் பார்த்து நகலெடுக்கட்டும்.

ஐபாடை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பார்க்கும் பாதிக்கு அது அருமையான கருவி. இணையம் கேட்காது, இடையில் எதுவும் வந்து குறுக்கிடாது. வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஈசூனுக்குத் திரும்பும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே நாளைய பட்டியலைப் பார்க்கலாம். ஏற்றுவதும் எளிது. ஐடியூன்ஸில் அதை ஒரு வட்டுபோலப் பயன்படுத்தும் வசதியை இயக்கினால், கணினியில் ஐபாடைத் திறந்து முகவரி, நாட்காட்டி, குறிப்பு என்று மூன்று ஃபோல்டர்களைப் பார்க்கலாம். பாமிலிருந்து எடுத்த விகார்டு கோப்புகளை முகவரி ஃபோல்டரிலும், எழுத்துக் கோப்புகளைக் குறிப்பு ஃபோல்டரிலும் போட்டால் முடிந்தது. அக்கா மகன் அதை மேக் கணினியில் வைத்திருந்தால் விண்டோஸ் அதைப் படிக்காது. அப்படியென்றால் பாட்டுகளை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, விண்டோஸுக்கு ஏற்றபடி அழித்துப் புதிதாக்கச் சொல்லுங்கள்.

ஒரு குறிப்புக் கோப்பு 4 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 600, 700 சொற்கள். நீளமான பாடத்திட்டக் குறிப்பு இருந்தால் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1000 குறிப்புகள்வரை வைக்கலாம், அது உங்களுக்குத் தாராளம். நாட்காட்டியை ஏற்றியதும் ஒரு வகுப்பை எடுத்து நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. இரண்டும் எங்காவது குழம்பினால் மாலை 4 மணி வகுப்பு காலை 8 மணியில் போய் உட்கார்ந்துவிடும். நினைவூட்டல் ஒலியும் ஐபாடில் மெல்லிய 'பீப்' சத்தம்தான், பைக்குள் இருந்தால் கேட்காது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஒரே கருவியை வைத்திருப்பவர்களின் மெமோவில் கடவுச்சொற்களும் அடையாள அட்டை எண்களும் கட்டாயம் இருக்கும். பாமில் அவற்றை மறைத்து வைக்க ஒரு வசதி இருந்தது. ஐபாடின் குறிப்புகளுக்கு அப்படி எதுவும் இல்லை. திரைக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போடலாம், அதற்கு மேல் நம்புவதற்கு எதுவும் கிடையாது. ஆகவே வங்கி, சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) தொடர்பான எதையும் அதில் ஏற்றாதீர்கள். பாமிலிருந்து எடுத்த கோப்புகளை ஐபாடுக்குள் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மாணவர்களின் வீட்டு முகவரியும் பெற்றோர் எண்ணும் அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை. இரவல் மடிக்கணினியில் வேலை முடிந்ததும் அங்கே எதுவும் தங்காமல் அழித்துவிடுங்கள்.

அடுத்து, ஆண்ட்ராய்டு மியூசிக் பிளேயர். இது வேறு சாதி. 2023ல் வந்த சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306ஐ எடுத்துக்கொண்டால், அது சிம் கார்டும் கேமராவும் இல்லாத சின்னக் கைப்பேசி மாதிரிதான். வைஃபை உண்டு, நாட்காட்டிச் செயலியைப் போடலாம், கருவியிலேயே எழுதலாம், வெளியே எழுதியது வீட்டு வைஃபைக்கு வந்ததும் தானாக நகலாகிவிடும். கூகல் விசைப்பலகையில் தமிழை விரலால் எழுதும் வசதியும் இருக்கிறது. பாமில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகியிருப்பீர்கள், அந்தக் கஷ்டம் தீரும். ஆனால் திரை 3.6 அங்குலம்தான். 57 வயதில் வெளிச்சம் குறைந்த தாழ்வாரத்தில் நின்று அதில் எழுத வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கருவிகள் பலவற்றில் ஒலிபெருக்கி கிடையாது, காதில் மாட்டாமல் இருந்தால் நினைவூட்டல் எழுப்பாது. கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காமல், காட்சிக்கு வைத்திருப்பதைக் கையில் வாங்கி, நின்றபடியே, "வியாழன் இல்லை, சனி 4 மணி" என்று எழுதிப் பாருங்கள். பாமில் எத்தனை விநாடி ஆகும் என்று உங்கள் கைக்குத் தெரியும். சில நூறு வெள்ளி கொடுக்கும்போது, அதில் பெரும்பங்கு நல்ல ஒலிக்காகப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பாட்டுதான் உங்களுக்கு முதல் ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள்.

நாட்குறிப்புதான் முதல் தேவை என்றால், பணம் செலவழிக்கும் முன் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். நீங்களோ வீட்டில் மற்றவர்களோ முன்பு வைத்திருந்த கைப்பேசி கிடக்கலாம். சிம் இல்லாமல், வாட்ஸ்அப் இல்லாமல், நாட்காட்டியும் குறிப்பும் முகவரியும் மட்டும் வைத்தால் அதுவே உங்கள் அடுத்த பாம். உங்களுக்குக் கைப்பேசி பிடிக்காதது அதன் வடிவத்துக்காக இல்லை, அதில் வந்து விழும் செய்திகளுக்காக. செய்தி வராத கைப்பேசியிடம் உங்களுக்குப் பகை எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள், பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். பழைய கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருக்கும். அதனால் அதிலும் வங்கி வேலை வேண்டாம்.

அக்கா மகனிடம் இருந்தது கிளாசிக்காக இல்லாமல் ஐபாட் டச்சாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதில் திரையைத் தொட்டு எழுதலாம். ஆனால் 2022ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், கடைசி மாடல் 2019ல் வந்தது. பழையதை இப்போது தேடி வாங்கச் சொல்லமாட்டேன்.

அப்பாவின் மருந்து விவரத்துக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். கருவியில் ஒரு நகல் இருக்கட்டும். ஆனால் மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எதற்கு ஒவ்வாமை, உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள். அவர் வெளியே மயங்கி விழுந்தால் ஆம்புலன்சில் வருகிறவர்கள் உங்கள் ஐபாடைத் தேடமாட்டார்கள், அவர் பையைத்தான் பார்ப்பார்கள். மருந்து மாறும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், தேதியும் போடுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்துவருகிறேன்.

மூன்று நாள் கணக்கு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். 'எழுதினேன்' பக்கத்தில் கோடுகள் குறைவாக இருந்து, அவற்றுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'வீடு' என்றே இருந்தால், என் கணிப்பு தவறு, அக்கா மகன் சொன்னதுதான் சரி. ஐபாடையே வைத்துக்கொள்ளுங்கள்.